லயல் பாஸ்கோமுக்கு ஒரு ஸ்டெம்

லயல் பாஸ்கோமின் கழுத்துக்குள் ஒரு டைட்டானியத் தகடும் ஆறு திருகுகளும் இருந்தன. சமையலறை அலமாரிகள் பொருத்துவது அவருடைய தொழில். ஐம்பத்தாறாவது வயதில், சாண்ட்ரிங்ஹாமில் ஒரு வீட்டில், சுவரில் ஏற வேண்டிய அலமாரி அவர் பிடரியில் இறங்கியது. மருத்துவர்கள் மூன்று எலும்புகளை ஒன்றாகச் சேர்த்து முடுக்கி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பக்கவாட்டில் பார்க்க வேண்டுமென்றால் இடுப்போடு திரும்புவார். மேலே பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

எட்டு மாதம் கழித்து, சைக்கிள் ஓட்டலாம் என்று பிசியோதெரபிஸ்ட் அனுமதித்தார். குனியக் கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. லயல் அந்தக் குளிர்காலம் முழுவதும் கராஜில் உட்கார்ந்து ஒரு ரோடு பைக்கைத் தாமே கட்டினார். கரும்பச்சை எஃகு ஃபிரேம், கையால் கோத்த சக்கரங்கள், தேன் நிறத் தோல் சீட்டு. கடைசியில் ஒரே ஒரு பாகம் மிச்சம் இருந்தது. ஹேண்டில்பாரை, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் குழாயோடு கவ்விப் பிடிக்கும் ஸ்டெம். பார்த்தால் விரல் நீளத்தில் ஒரு அலுமினியத் துண்டு. அது நீளமாகவும் தாழ்வாகவும் இருந்தால் ஓட்டுகிறவர் எட்டிக் குனிய வேண்டும். குட்டையாக, மேல்நோக்கி இருந்தால் நிமிர்ந்து உட்காரலாம்.

செல்டன்ஹாமில் சைக்கிள் கடை வைத்திருந்த யோஸ்கோ அவரை ஸ்டூலில் உட்காரவைத்தார். கையை நீட்டச் சொன்னார், கழுத்தைத் திருப்பச் சொன்னார், அது திரும்பாததைப் பார்த்தார். டப்பாவுக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தார்.

"எழுபது எம்எம். மேல தூக்கின கோணம். அடியில நாலு வளையம் போட்டு ஹேண்டில்பார ஒசத்திடுறேன். இதுல உக்காந்தா ரோடு தெரியும், கடல் தெரியும், எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியும். வேற என்ன வேணும் உனக்கு?"

"மேல குழாய் நீட்டிக்கிட்டு இருக்கே. வெட்டிடலாமா?"

"வெட்டாத. உன் கழுத்து அடுத்த வருஷம் என்ன கேக்கும்னு உனக்குத் தெரியுமா? வெட்டினா ஒட்டாது. தினம் பலகை அறுக்குறவன் நீ, உனக்கு நான் சொல்லணுமா?"

இரண்டு வாரம் லயல் சந்தோஷமாக இருந்தார். மூன்றாம் வாரம் மென்டோன் அருகே பீச் ரோட்டில், யூட் என்னும் சிறு சரக்கு வண்டி ஒன்றின் பக்கக் கண்ணாடி அவர் முழங்கையை உரசிக்கொண்டு போனது. சட்டைக் கையில் கறுப்புக் கோடு விழுந்திருந்தது. அவர் மனைவி ஜாஸ்லின் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர்; அந்தச் சாலையைத் தினமும் உயரத்தில் உட்கார்ந்து பார்ப்பவர்.

"இனிமே அந்த ரோட்டுல நீ தனியா போகக் கூடாது" என்றார். "ஒத்தையா போறவன் எவன் கண்ணுக்கும் தெரியறதில்ல. கூட்டமா போனா ஹாரன் அடிச்சுத் திட்டுவானுங்க, ஆனா இடிக்க மாட்டானுங்க. ஏதாவது கிளப்புல சேரு. இல்லன்னா சைக்கிள வித்துடு."

இப்படித்தான் லயல் வளைகுடாச் சக்கர மன்றத்தின் வாசலுக்குப் போனார்.

வாசல் என்று சொன்னாலும் மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. பியூமாரிஸில் ஒரு காபிக் கடையின் முன்புற மேசைகள் சனிக்கிழமை காலை ஆறரை மணி முதல் அவர்களுடைய ராஜ்ஜியம். நாற்பது பேர், ஒரே மாதிரிக் கறுப்புச் சட்டை, முழங்காலுக்குக் கீழே மழித்த கால்கள். தலைவர் அலஸ்டர் வின்ஃபிரித், பல் வரிசையைக் கம்பி கட்டி நேராக்கும் மருத்துவர். செயலாளர் டேமியன் கெட்டில், வீட்டுப் பத்திரங்கள் எழுதும் வக்கீல்.

லயல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றபோது முதலில் பேச்சு நின்றது. பிறகு கரண்டிகள் நின்றன. ஒரு பெண் தன் குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். டேமியன் எழுந்து வந்தார். சட்டையின் பின்பையிலிருந்து கோணமானி ஒன்றை எடுத்து, ஸ்டெம்மின் மேல் வைத்து, அதன் திரையைப் படித்தார். மறுபடியும் வைத்துப் படித்தார். இரண்டாவது முறை கருவியைத் துடைத்துக்கொண்டார்.

"பதினேழு டிகிரி" என்றார் தலைவரைப் பார்த்து. "மேல."

அலஸ்டர் கோப்பையைக் கீழே வைத்தார். ஒரு காகித நாப்கினை எடுத்து, விரித்து, இறந்தவர் முகத்தை மூடுவது போல ஸ்டெம்மின் மேல் போர்த்தினார். பிறகுதான் லயலின் கையைக் குலுக்கினார்.

"வாங்க லயல். சங்கடப்படாதீங்க. இங்க எல்லாருக்கும் இடமுண்டு. நாங்க யாரையும் ஒதுக்குறதில்ல, எங்க கொள்கையில அது முதல் வரி. போன வருஷம் ஒரு பிளம்பரையே சேத்துக்கிட்டோம்."

"அவர் எங்க இப்ப?"

"விலகிட்டார். ஆனா சேத்தோம்ல?"

"என் கழுத்துல ஆபரேஷன் ஆகியிருக்கு" என்றார் லயல். "அதனாலதான் ஸ்டெம் இப்படி. குனிய முடியாது."

சுற்றி நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் ஏதோ குடும்ப விஷயத்தைப் பொதுவில் சொல்லிவிட்டது போல இருந்தது.

"ஸ்டெம்ங்கிறது ஒரு பாகம் இல்ல லயல்" என்றார் அலஸ்டர் மெதுவாக. "அது ஒரு ஆளோட குணம். நீளமா, தாழ்வா ஸ்டெம் வச்சவரப் பாத்தா, இவர் எதையும் தாங்குவார்னு தெரியும். மேல பாக்குற ஸ்டெம் வச்சவர் வாழ்க்கையில வசதி தேடுறவர். வசதி தேடுறது தப்புன்னு நான் சொல்லல. பின்னாடி வரலாம்னுதான் சொல்றேன்."

எவ்வளவு பின்னால் என்பதற்கு மன்றத்தில் விதி இருந்தது. வடிவ ஒழுங்கு விதிகள், பிரிவு நான்கு. நூற்றிருபது மில்லிமீட்டர் நீளம், கீழ்நோக்கிய கோணம், அடியில் வளையம் கூடாது, மேலே குழாய் நீட்டக் கூடாது. இதற்குக் குறைந்தவர் 'பார்வையாளர்'. பார்வையாளர் கூட்டத்துக்கு நாற்பது மீட்டர் பின்னால் ஓட்டலாம். புகைப்படம் எடுக்கும் திருப்பங்களில் அறுபது.

எனவே லயல் அந்தச் சனிக்கிழமை, கூட்டமாகப் போக வேண்டும் என்பதற்காகச் சேர்ந்த மன்றத்தில், தனியாகப் போனார். லாரிகள் முன்னால் போகும் கூட்டத்தைப் பார்த்ததுமே பொறுமை இழந்து, அந்த ஆத்திரத்தையெல்லாம் நாற்பது மீட்டர் முன்னதாகவே அவர் மேல் தீர்த்துவிட்டுப் போயின. செப்டம்பர் மாதம், அங்கே குளிர்காலம் முடிந்து வசந்தம் பிறக்கும் நேரம். முட்டையிட்ட மேக்பை பறவைகள் கண்ணில் பட்டவரையெல்லாம் கொத்தும் பருவம். பறவைகளுக்கும் கூட்டம் பிடிக்காது போலும். நாற்பது பேரையும் விட்டுவிட்டு, நாற்பத்தொன்றாமவருடைய காதைத் தேர்ந்தெடுத்தன. எல்லாரும் செய்வதுபோல ஹெல்மெட்டில் பிளாஸ்டிக் பட்டைகளை முள்முள்ளாகச் செருகிக்கொள்ள அனுமதி கேட்டார் லயல். வடிவ ஒழுங்கைக் காரணம் காட்டி டேமியன் மறுத்தார். முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சு மட்டும் கொடுத்தார். அதற்கு ரசீது எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

வீட்டில் ஜாஸ்லின் அவர் காதைப் பார்த்தார்.

"தனியா போக மாட்டேன்னு சொன்னியே?"

"தனியா போகல. நாப்பது மீட்டர் பின்னாடி போனேன்."

"அதுக்குப் பேரு என்ன?"

"பார்வையாளர்" என்றார் லயல்.

வேறு கிளப் தேடு என்றார் ஜாஸ்லின். லயல் தேடியிருக்கலாம். ஆனால் அவருக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் வேலை செய்தவர். விளக்கிச் சொன்னால் மனிதர்கள் புரிந்துகொள்வார்கள் என்பது அவருடைய அனுபவம். அந்த மனிதர்களுக்கு ஒரு சமையலறை தேவைப்பட்டது என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

தனக்கு விதியைத் தளர்த்தும்படி மன்றத்துக்கு விண்ணப்பித்தார். அதன் விசாரணை ஒரு புதன்கிழமை மதியம் டேமியனின் அலுவலகத்தில் நடந்தது. லயல் அறுவை மருத்துவரின் கடிதத்தையும் எக்ஸ்ரே படத்தையும் கொண்டுபோயிருந்தார். அலஸ்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் கனிந்தது.

"டைட்டானியம்" என்றார். "என்ன வேலைப்பாடு! ஆறு திருகும் ஒரே நேர்கோட்டுல இருக்கு பாருங்க டேமியன். மொத்தம் எவ்வளவு எடை லயல்?"

"தெரியாது."

"தெரியாதா?" அலஸ்டருக்கு நம்ப முடியவில்லை. "கழுத்துல மாட்டியிருக்காங்க, எத்தனை கிராம்னு கேக்கல?"

டேமியன் குறிப்பேட்டில் 'எடை: விண்ணப்பதாரர் அறியார்' என்று எழுதினார்.

லயல் காலையிலிருந்து காரில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்ததைச் சொன்னார். "நான் கிச்சன் பெஞ்ச் போடுறவன். குள்ளமான ஒரு அம்மா வீட்டுல பெஞ்ச தாழ்வா வைப்பேன். ஆறரை அடி ஆள் வீட்டுல ஒசத்தி வைப்பேன். பெஞ்சதான் ஆளுக்குத் தக்கபடி அறுப்போம். ஆள அறுக்கறதில்ல."

இரண்டு பேரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அலஸ்டர் முன்னால் சாய்ந்தார்.

"லயல், நானும் மருத்துவன்தான். வலின்னா என்னன்னு எனக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷமா குழந்தைங்க வாயில கம்பி கட்டி முறுக்குறேன். எல்லாம் அழும். கோணலா இருக்கிறத நேராக்கினா வலிக்கத்தான் செய்யும். அழுததுங்க பின்னாடி வளந்து நன்றிக் கடுதாசி அனுப்புதுங்க."

"எல்லாருமா?"

"அனுப்பினவங்க அனுப்பியிருக்காங்க."

"விதிவிலக்கு இருக்கு" என்றார் டேமியன், ஆறுதலாக. "பிரிவு நாலு, உட்பிரிவு மூணு. உடம்பு சரியில்லாத யாரு வேணும்னாலும் விலக்குக் கேக்கலாம். ஆனா முதல்ல பன்னிரண்டு வாரம் விதிப்படி ஓட்டி, அதுல காயம் பட்டிருக்கணும். காயம் படறதுக்கு முன்னாடியே விலக்குக் கேட்டா அது வெறும் யூகம். நாங்க பொறுப்பான அமைப்பு லயல். யூகத்த வச்சு முடிவெடுக்கறதில்ல."

அன்று ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதற்குப் படிப்படித் தாழ்வுத் திட்டம் என்று பெயர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை லயல் பத்து மில்லிமீட்டர் நீளமான ஸ்டெம்முக்கு மாற வேண்டும். ஒரு வளையத்தைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் அவர் கூட்டத்தை நோக்கிப் பத்து மீட்டர் நெருங்கலாம்.

எண்பது மில்லிமீட்டரில் ஒன்றும் ஆகவில்லை. முப்பது மீட்டர் தூரத்திலிருந்து முன்னால் போகிறவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தொண்ணூறில் தோள்பட்டையில் ஒரு எரிச்சல் வந்தது. ஆனால் இருபது மீட்டர் தூரத்தில் அவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதும் கேட்டது. பெரும்பாலும் அவரைப் பார்த்துத்தான். இருந்தாலும் நல்ல நகைச்சுவை என்று லயலுக்குப் பட்டது. தொண்ணூறுக்கு மாறிய சனிக்கிழமை காபிக் கடையில் நாற்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். அவர் இதுவரை எத்தனையோ வீடுகளில் எத்தனையோ சமையலறைகள் பொருத்திக் கொடுத்திருக்கிறார். ஒருவரும் எழுந்து நின்று கைதட்டியதில்லை.

நூறுக்கு மாறிய வாரம் வலது கையின் மூன்று விரல்கள் மரத்துப்போயின. ஹைகெட் பக்கம் ஒரு வீட்டில் கீல் முடுக்கும்போது டிரில் கை நழுவி, புதுக் கதவில் ஓட்டை விழுந்தது. ஜாஸ்லின் கராஜுக்கு வந்தார். பெஞ்சின் மேல் கழற்றிப் போட்ட ஸ்டெம்கள் நீள வரிசையில் கிடந்தன.

"கைய காட்டு" என்றார். காட்டினார். ஜாஸ்லின் அவருடைய சுண்டுவிரலை நறுக்கென்று கிள்ளினார். "வலிக்குதா?"

"இல்ல."

"நான் ரத்தம் வர்ற மாதிரி கிள்ளினேன் லயல்."

"இன்னும் ரெண்டே படிதான் ஜாஸ்."

"ரெண்டு படி ஏறி எங்க போற? உன்ன அந்த ஆளுங்க பேரு சொல்லிக்கூடக் கூப்பிடறதில்ல. எழுபதுன்னு கூப்பிடறாங்க. போன்ல கேட்டேன் நான்."

"அது முன்னாடி" என்றார் லயல். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "இப்ப நூறு."

அந்த வாரமே அவர் டேமியனுக்கு எழுதி, விதிவிலக்கு விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினார். யாரும் கேட்கவில்லை. தானாக எழுதினார். டேமியன் அந்தக் கடிதத்தைச் சனிக்கிழமை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினார். லயலுக்கு அருகில் முதல்முறையாக ஒரு நாற்காலி போடப்பட்டது.

நூற்றுப்பத்துக்கு யோஸ்கோவின் கடைக்குப் போனபோது யோஸ்கோ ஸ்டெம்மை எடுத்துக் கொடுக்காமல் அவர் நிற்கும் விதத்தையே பார்த்தார். லயலின் தலை இப்போது தோள்களுக்கு முன்னால் போய் நின்றது.

"நான் சாமான் விக்கிறவன். வேணாம்னு சொல்றது என் வேலை இல்ல" என்றார் யோஸ்கோ. "இருந்தாலும் சொல்றேன். வேணாம். என் அப்பன் எங்க ஊரு ஸ்பிளிட்ல கழுதை வச்சிருந்தான். அதுக்குக் கூட அளவு எடுத்துத்தான் சேணம் தைப்பான்."

"யோஸ்கோ, அவங்க நல்லவங்க. உனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். எல்லாருக்கும் நான்தான் சர்வீஸ் பண்றேன்." யோஸ்கோ நூற்றுப்பத்தையும், அதோடு இரண்டு வாரம் கழித்து வேண்டியிருக்கும் நூற்றிருபதையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார். "குழாய வெட்ட மட்டும் இங்க வராத. என் ரம்பம் அதுக்கு வராது."

வளையங்கள் எல்லாம் போன பிறகு ஃபோர்க் குழாய் ஸ்டெம்முக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்குப் புகைபோக்கி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. அதை வெட்டும் நாளை மன்றம் விழாவாக அறிவித்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை. காபிக் கடை வாசலில் மடக்கு மேசை, அதில் குழாயை இறுக்கிப் பிடிக்க ஒரு பட்டறைப் பிடி, வெள்ளைத் துணி. அலஸ்டர் பேசினார்.

"நண்பர்களே, பன்னிரண்டு வாரத்துக்கு முன்னாடி இவர் நம்மகிட்ட ஒரு டாக்டர் கடுதாசியோட வந்தார். என்ன அர்த்தம்? தன்னோட உடம்பு தன்னோடதுன்னு நெனச்சுக்கிட்டு வந்தார். இன்னிக்கு அவர் நம்மள மாதிரி ஆயிட்டார். நம்ம மன்றத்தப் பத்தி வெளியில என்னென்னமோ சொல்றாங்க. இரக்கமில்லாதவங்கன்னு சொல்றாங்க. நாம இரக்கம் காட்டியிருந்தா இந்த மனுஷன் இன்னும் எழுபதுலயே இருந்திருப்பார்!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. டேமியன் அறுக்கும் வாளை நீட்டினார். லயல் வாங்கிக்கொண்டார். விரல்களுக்குப் பிடிப்புத் தெரியாததால் இரண்டு கைகளாலும் பிடித்து அறுத்தார். நல்ல வேலைக்காரர், வெட்டு நேராக விழுந்தது.

அன்றே அவர் முதல்முறையாகக் கூட்டத்துக்குள் ஓட்டினார். அதுவும் சாதாரண இடமில்லை. தலைவருக்கு நேர் பின்னால். கௌரவம் என்று டேமியன் சொன்னார். இரண்டு பக்கமும் தோள்கள், முதுகில் யாரோ தட்டினார்கள், காற்றை முன்னால் போகிறவர்கள் வாங்கிக்கொண்டதால் மிதிப்பதே தெரியவில்லை. லயலுக்குக் கண் கலங்கியது.

கழுத்து மேலே வரவில்லை என்பது மட்டும்தான் குறை. நூற்றிருபது மில்லிமீட்டர் ஸ்டெம்மில் அவர் முதுகு தரைக்கு இணையாகப் படுத்திருந்தது. தகடு பொருத்திய கழுத்து அந்தக் கோட்டிலிருந்து நிமிர மறுத்தது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் அலஸ்டரின் பின்சக்கரத்தில் அடிப்பாதி. கடல் தெரியவில்லை, சாலை தெரியவில்லை, சிவப்பு விளக்கு தெரியவில்லை. அந்தச் சக்கரம் நின்றால் நின்றார், போனால் போனார். நாற்பது பேரின் நடுவில் அது போதும் என்று நினைத்தார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மன்றத்தில் மற்ற எல்லாருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. தலைவர் ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாக இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவார். ரிக்கெட்ஸ் முனை அருகே கையை உயர்த்துவார். மற்றவர்கள் நேராகப் போவார்கள், அவர் இடதுபுறம் கார்கள் நிறுத்தும் இடத்துக்குள் திரும்புவார். 'தலைவர் பாதையை ஆய்வு செய்யப் போகிறார்' என்பது அதற்கான சொற்றொடர். நாற்பது மீட்டர் பின்னாலிருந்து பார்த்தவருக்கு, கறுப்புச் சட்டைகளில் ஒன்று குறைவது தெரிந்ததே இல்லை.

அலஸ்டர் கையை உயர்த்தினார். உயர்ந்த கை லயலுக்கு எப்படித் தெரியும்? சக்கரம் இடது பக்கம் சாய்ந்தது, லயலும் சாய்ந்தார். "டேய், நேரா!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். தன்னைச் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. தரை மாறியது, வேகம் குறைந்தது, சக்கரம் சட்டென்று வலது பக்கம் விலகியது. அதன் இடத்தில், கார்கள் முட்டாமல் இருக்கப் பதித்த கான்கிரீட் கட்டை ஒன்று இருந்தது. லயல் அதைத் தெளிவாகப் பார்த்தார். பார்ப்பதற்கு வசதியான கோணத்தில்தான் அவர் தலை இருந்தது.

முன்சக்கரம் கட்டையில் மோதி நின்றது. லயல் நிற்கவில்லை. அலஸ்டர் ரிமோட்டில் அப்போதுதான் பின்கதவைத் திறந்திருந்த அவருடைய ஸ்டேஷன் வேகன் காருக்குள் தலை முதலில் போய், உள்ளே எதன் மீதோ இடித்து, வெளியே தாரில் மல்லாந்து விழுந்தார்.

வானம் தெரிந்தது. வெகு நாளாயிற்று. கையை அசைக்கப் பார்த்தார். கைகள் எங்கே என்றே தெரியவில்லை. காருக்குள் அவர் தலை இடித்த பொருள் இப்போது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. வெளிர்நீல சைக்கிள் ஒன்று. அகலமான மெத்தைச் சீட்டு. முன்னால் கூடை, கூடைக்குள் தெர்மாஸ் பிளாஸ்க். ஹேண்டில்பார் மார்பு உயரத்துக்கு எழும்பி நின்றது. அதைத் தாங்கிய ஸ்டெம் அன்னத்தின் கழுத்து மாதிரி மேலே வளைந்திருந்தது.

"இங்க என்ன பண்றீங்க லயல்?" என்றார் அலஸ்டர்.

"உங்க பின்னாடி வந்தேன்."

"யார் வரச் சொன்னா? நான் கை காட்டினேன்ல?"

"கை தெரியல எனக்கு… அந்த சைக்கிள் யாரோடது?"

அலஸ்டர் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு குந்தி உட்கார்ந்தார். முழுசாகக் குந்த முடியாமல் காரைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார்.

"எனக்கு முதுகு போய் ஆறு வருஷம் ஆச்சு. குனியவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதனால இந்தப் பக்கத்துத் தெருவுலயே நிமிர்ந்து உக்காந்து கொஞ்சம் சுத்திட்டு, கார்ல போயிடுவேன். நீங்களே சொல்லுங்க, நான் தலைவர். தலைவர் குனியலன்னு தெரிஞ்சா வேற யார் குனிவாங்க? எனக்காகவா மறைக்கிறேன்? அவங்களுக்காகத்தான்."

"அலஸ்டர், என் கால் எனக்குத் தெரியல."

"இருங்க, இருங்க. ஒவ்வொண்ணா பண்றேன்."

முதலில் அவர் நீல சைக்கிளின் மேல் போர்வையை இழுத்து மூடினார். பிறகு காரின் பின்கதவைச் சாத்தினார். பிறகு லயலின் சைக்கிளை எடுத்து ஒரு கம்பத்தில் சாய்த்துவைத்தார். அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இடம் கேட்டார்கள். கார் நிறுத்துமிடம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பீச் ரோடு" என்றார், "திறந்த சாலை." திறந்த சாலையில் ஆம்புலன்ஸ் இரண்டு முறை சைரனோடு கடந்து போனதை லயல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

மருத்துவமனையில் அவர் தலையைச் சுற்றி ஒரு உலோக வளையம் மாட்டி, மண்டையில் நான்கு இடத்தில் திருகி, மார்புக் கவசத்தோடு கம்பிகளால் இணைத்திருந்தார்கள். தகட்டுக்குக் கீழே இருந்த எலும்பு உடைந்திருந்தது. கால்கள் திரும்ப வரலாம், கைகளைப் பற்றி இப்போது சொல்ல முடியாது, சைக்கிள் இனி கிடையாது என்றார் மருத்துவர். ஆறாம் நாள் டேமியன் வந்தார். கையில் பூங்கொத்தும் கோப்பும் இருந்தன. பூங்கொத்தை ஜாஸ்லினிடம் கொடுத்தார்.

"விசாரணைக் குழு அறிக்கை" என்றார். "நல்ல செய்தி லயல். ஸ்டெம் மேல எந்தக் குத்தமும் இல்ல. ஓட்டுனர் முன்னாடி பாக்கலங்கிறதுதான் காரணம்னு ஒருமனசா முடிவு பண்ணியிருக்கோம். விபத்து பீச் ரோட்டுல நடந்ததுன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டுட்டா ஃபைல மூடிடலாம்."

"ஆம்புலன்ஸ்காரங்க கார் பார்க்னு எழுதியிருக்காங்க" என்றார் ஜாஸ்லின்.

"ஆம்புலன்ஸ் மன்ற உறுப்பினர் இல்லீங்க" என்றார் டேமியன் பணிவாக. "கையெழுத்து போட்டா ஆயுள் உறுப்பினர் பதவி. தலைவர் தானே முன்மொழிஞ்சார். அதோட இவரோட சைக்கிள காபிக் கடைச் சுவத்துல மாட்டப் போறோம். முன்மாதிரின்னு கீழ எழுதி."

"வெளிய போங்க" என்றார் ஜாஸ்லின்.

"ஜாஸ்" என்று வளையத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒருமனசாங்கிறார்."

ஜாஸ்லின் கணவரைப் பார்த்தார். உலோகக் கம்பிகளுக்கு நடுவில் அந்த முகம் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது. அவர் பூங்கொத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். டேமியன் பேனாவை லயலின் விரல்களுக்கு இடையில் செருகி, அந்தக் கையைத் தன் கையால் பிடித்து, பாஸ்கோம் என்று எழுதவைத்தார். எழுத்துக் கோணலாகத்தான் வந்தது. இரண்டாவது பிரதியில் நேராக வந்தது.

மூன்று வாரம் கழித்து மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. லயலால் தாளைப் பிடிக்க முடியாது, ஜாஸ்லின்தான் படித்தார்.

"'அன்புள்ள உறுப்பினருக்கு. சுவரில் மாட்டுவதற்கு முன் தங்கள் சைக்கிளை வழக்கப்படி தரையில் நிறுத்தி அளந்தோம். ஸ்டெம்மின் கோணம் இரண்டு டிகிரி மேல்நோக்கி இருப்பது தெரியவந்தது. மோதலில் நேர்ந்திருக்கலாம் என்ற வாதத்தைக் குழு அனுதாபத்தோடு பரிசீலித்தது; எனினும் காரணங்களைப் பார்ப்பது குழுவின் வேலையல்ல. எனவே ஆயுள் உறுப்பினர் பதவி ரத்து செய்யப்படுகிறது. தாங்கள் மறுபடியும் பார்வையாளர் ஆகிறீர்கள். தங்கள் சைக்கிள் காபிக் கடையின் பின்புறம், குப்பைத்தொட்டிகளுக்கு அருகில் பாதுகாப்பாக உள்ளது. விரைவில் எடுத்துச்செல்லவும்.'"

ஜாஸ்லின் கடிதத்தை இறக்கினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான்கு மாதத்தில் முதல்முறையாக ஒரு நிம்மதி தெரிந்தது.

"முடிஞ்சுது லயல்" என்றார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய மரத்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "இப்பவாவது புரிஞ்சுதா, எப்படிப்பட்ட ஆளுங்கன்னு?"

லயலின் கண்ணிலிருந்து வளையத்தைத் தாண்டி ஒரு துளிக் கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. உதடுகள் அசைந்தன. ஜாஸ்லின் குனிந்து காதை அவர் வாயருகே கொண்டுபோனார்.

"பின் டயர் இறங்கியிருந்தா முன்பக்கம் தூக்கித்தான் காட்டும்" என்றார் லயல். "அளக்கும்போது அதுல காத்து இருந்துச்சான்னு கேளு."